அறுபத்தெட்டு எண்ணும் வரை

1. குதிக்க மறுத்தவர்

சினிமாக்காரர்களுக்குக் கடல் என்றால் பெரிய சைஸ் தண்ணீர்த் தொட்டி என்று நினைப்பு. தூத்துக்குடியில் நாற்பது வருடத்துக்கு மேல் லொக்கேஷன் மேனேஜராக இருந்துவிட்டுச் சொல்கிறேன், அந்த நினைப்பை ஒருவரிடமிருந்தும் என்னால் போக்க முடியவில்லை. அலையைக் கொஞ்சம் குறைக்கச் சொன்ன டைரக்டரைப் பார்த்திருக்கிறேன். உப்பளத்தில் உப்பு போதுமான அளவு வெள்ளையாக இல்லை என்று சுண்ணாம்புத் தூள் தூவச் சொன்ன ஆர்ட் டைரக்டரைப் பார்த்திருக்கிறேன். துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டுப் போன சரக்குக் கப்பலுக்கு 'ஒன் மோர்' கேட்டவரும் உண்டு. கப்பல் திரும்பி வரவில்லை. அதற்கும் என்னைத்தான் திட்டினார்.

லொக்கேஷன் மேனேஜர் என்றால் என்ன வேலை என்று இப்போது வருகிறவர்கள் கேட்கிறார்கள். வள்ளம் பிடிக்க வேண்டும், பெர்மிஷன் வாங்க வேண்டும், ஆள் சேர்க்க வேண்டும், மதியச் சாப்பாட்டைக் கடலுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கடைசியாக, போன ஆட்கள் அத்தனை பேரையும் கரைக்குக் கொண்டு வர வேண்டும். முதல் நான்கையும் கெட்டிக்காரன் எவனும் செய்துவிடுவான். ஐந்தாவதுதான் வேலை. காலையில் வள்ளத்தில் ஏறும்போது தலைகளை எண்ணுவேன். சாயங்காலம் இறங்கும்போது எண்ணுவேன். ஹீரோவும் ஒரு தலை, லைட் பாயும் ஒரு தலை. கணக்கு ஒரு நாளும் குறைந்ததில்லை. அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது. அது எப்படிப் போனது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஊர் நாசரேத் பக்கம். எங்கள் குடும்பத்தில் எல்லாரும் கடை வைத்தவர்கள், கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்தவர் இல்லை. நான் தூத்துக்குடியில் வள்ளங்களை வாடகைக்கு விடும் கம்பெனி ஒன்றில் கிளார்க்காக இருந்தேன். கறுப்பு வெள்ளைப் படங்கள் ஓய்ந்துகொண்டிருந்த சமயம். மெட்ராஸிலிருந்து ஒரு சினிமா கம்பெனி வந்து இரண்டு வள்ளம் கேட்டது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ஏலே, ஒனக்குத்தான் நாலு வார்த்த இங்கிலீசு தெரியும். போயி அவங்க கூட நில்லு" என்றார். என் சினிமா வாழ்க்கை அப்படி நின்றதில் தொடங்கியது.

கதையில் ஹீரோ முத்துக் குளிக்கிறவர். அவருடைய கூட்டாளி வில்லன். இருவரும் தனியாக ஒரு வள்ளத்தில் நடுக்கடலுக்குப் போகிறார்கள். ஹீரோ இடுப்பில் கயிறு கட்டி இறங்குகிறார். மேலே கயிற்றைப் பிடித்திருக்கும் வில்லன் அதை நழுவ விட்டுவிட்டுச் சிரிக்க வேண்டும். ஹீரோ எப்படியோ மேலே வந்துவிடுவார். எப்படி என்று டைரக்டரிடம் கேட்டேன். முறைத்தார்.

ஹீரோவுக்கு நீச்சல் தெரியாது. வள்ளத்தின் விளிம்பில் கால் வைக்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டும். அதனால் அவருக்கு டூப் போட இந்தக் கரையில் சங்கு குளிக்கிற சூசை அண்ணனை ஏற்பாடு செய்தேன். முப்பது வயது, கறுத்த ஒடிசலான உடம்பு, மூச்சை அடக்கினால் கடல்தான் முதலில் சலித்துப்போகும் என்று ஊரில் சொல்வார்கள். அவர் தன் மச்சான் ராயப்பனையும் கூட்டிக்கொண்டு வந்தார். மனைவி செல்வமேரியின் தம்பி. ராயப்பனுக்குப் படத்தில் வேலை இல்லையே என்றேன். சூசை அண்ணன் அவன் கையைப் பிடித்து வள்ளத்தில் ஏற்றிவிட்டார்.

கேமரா ஒரு வள்ளத்தில். சூசை அண்ணனும் வில்லன் நடிகரும் இன்னொன்றில். எல்லாம் தயார். டைரக்டர் ஆக்‌ஷன் சொன்னார். சூசை அண்ணன் குதிக்கவில்லை.

"ஐயா, கயிறு எம் மச்சான் கையில இருந்தாத்தான் நான் எறங்குவேன்."

டைரக்டருக்கு விளங்கவில்லை. இவர் எத்தனையோ படம் நடித்தவர், ஒரு கயிறு பிடிக்கத் தெரியாதா என்று வில்லன் நடிகரைக் காட்டிக் கேட்டார். சூசை அண்ணன் அந்த நடிகரை மரியாதையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவரு அக்காள நான் கட்டலியே ஐயா."

கடலில் இறங்குகிறவரின் கயிற்றை அவர் மனைவியின் உடன்பிறந்தவன் பிடிப்பது இந்தக் கரையின் வழக்கம். கீழே இருப்பவர் கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால் மேலே இருப்பவர் உடனே தூக்க வேண்டும். யாருக்கு வேண்டுமானாலும் கை அசந்து போகலாம், அக்காள் தாலி கையில் இருக்கிறவனுக்கு அசராது என்பது நம்பிக்கை. இதை நான் இங்கிலீஷும் தமிழும் கலந்து டைரக்டருக்கு விளக்கினேன். அவர் தொப்பியைக் கழற்றி வீசினார். அதைக் கடலிலிருந்து எடுக்க ஒருவரை இறக்க வேண்டியதாயிற்று.

கடைசியில் ஒரு வழி பண்ணினோம். வில்லன் கையில் சும்மா ஒரு துண்டுக் கயிறு. அசல் கயிறு பின்னால் போய் ராயப்பன் கையில். ராயப்பன் கேமராவுக்குத் தெரியாமல் வள்ளத்துக்குள் படுத்திருக்க வேண்டும். அவனும் சரி என்று படுத்தான். சூசை அண்ணன் குதித்தார். தண்ணீர் தெறித்த அடுத்த நொடி ராயப்பன் எழுந்து நின்றுவிட்டான்.

டைரக்டர் படுக்கச் சொல்லிக் கத்தினார். நானும் கத்தினேன். அவன் எங்கள் பக்கமே திரும்பவில்லை. கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு தண்ணீரையே பார்த்தபடி நின்றான். முன்னால் வில்லன் தன் துண்டுக் கயிற்றை நழுவவிட்டுப் பயங்கரமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். பின்னால் அசல் கயிற்றோடு ஒருவன் நின்றுகொண்டிருந்தான். கேமராமேன் மட்டும் நிறுத்தாமல் ஓட விட்டிருந்தார். சூசை அண்ணன் மேலே வர ஒரு நிமிடத்துக்கும் மேல் ஆயிற்று. திருப்பி எடுக்கலாம் என்றபோது மேகம் மூடிவிட்டது. அன்றோடு ஷெட்யூலும் முடிந்தது.

2. தொட்டி ஒழுகியதால் வந்த கலை

அந்த ஷாட்டைப் படத்தில் வைக்க டைரக்டருக்கு எண்ணமே கிடையாது. மெட்ராஸ் ஸ்டூடியோவில் கண்ணாடித் தொட்டி கட்டி, அதற்குள் ஹீரோவை முக்கி எடுத்து, அதை நடுவில் செருகுவதாகத் திட்டம். தொட்டி ஒழுகியது. ரிலீஸ் தேதி நெருங்கியது. வேறு வழியில்லாமல் ராயப்பன் நின்ற ஷாட்டையே வெட்டாமல் முழுசாக ஒட்டி அனுப்பிவிட்டார்கள்.

பிற்பாடு அந்தப் படம் கிளாசிக் ஆகிவிட்டது. கல்லூரிகளில் போட்டுக் காட்டினார்கள். வெட்டாத அந்த ஒரு நிமிடம் மௌனத்தின் உச்சம் என்று ஒருவர் எழுதினார். பின்னால் நிற்கும் மூன்றாவது மனிதன் வில்லனின் மனசாட்சி என்று இன்னொருவர் எழுதினார். மனசாட்சி அப்போது பீச் ரோட்டில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தது. பழைய படங்களை விழுந்து கும்பிடுகிறவர்களும் எனக்கு லேசுப்பட்டவர்களாகத் தெரியவில்லை. ஹீரோவின் விக் காற்றில் தூக்கியது, முத்து என்று காட்டியது சாக்பீஸ் உருண்டை. இதையும் சொல்லிவிட்டுக் கும்பிடட்டும்.

ரிலீஸானபோது தூத்துக்குடி தியேட்டரில் மட்டும் சரியாகப் பார்த்தார்கள். ராயப்பன் எழுந்து நின்றதும் கடற்கரைத் தெருக்காரர்கள் கைதட்டினார்கள். வில்லன் சிரித்ததற்கு அவர்களும் சிரித்தார்கள்.

3. கடலுக்குப் பெயின்ட்

இப்போது நடந்ததற்கு வருகிறேன். போன வருடம் அந்தப் படத்தின் தயாரிப்பாளருடைய பேரன் போன் செய்தார். தாத்தாவின் படத்தை இன்றைய டெக்னிக்கில் புதுசாக்கி வெளியிடப் போகிறாராம். கலர் போட்டு, தியேட்டரைச் சுற்றிச் சத்தம் வைத்து, தண்ணீருக்கு அடியில் கிராபிக்ஸ் சேர்த்து. "சார், அந்தக் காலத்துல டெக்னாலஜி இருந்திருந்தா தாத்தா இப்படித்தான் எடுத்திருப்பார்" என்றார். செத்துப்போனவர் என்ன செய்திருப்பார் என்பதில் உயிரோடிருப்பவர்களுக்கு இருக்கிற நிச்சயம் எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான். அந்த ஷூட்டிங் யூனிட்டில் இருந்தவர்களில் நான் ஒருவன்தான் கை கால் ஆட்டிக்கொண்டு இருக்கிறேன் என்பதால் என்னை 'டெக்னிகல் கன்சல்டன்ட்' ஆக்கினார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கும் மனசில்லை. டைட்டிலில் பெயர் வருகிறதே.

அந்த வேலையைச் செய்தவர் நிதின் என்ற இளைஞர். லேப்டாப்போடு தூத்துக்குடிக்கு வந்தார். மரியாதையான பையன், அதைக் குறை சொல்ல மாட்டேன். அவர் போட்டுக் காட்டிய கடலைத்தான் குறை சொல்வேன். பல் தேய்க்கிற பேஸ்ட் விளம்பரத்தில் வருமே, அந்த நீலம். எங்கள் கடல் காலையில் ஒரு நிறம், மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்தால் ஒரு நிறம், மழை பெய்து ஆற்றுத் தண்ணீர் வந்து விழுந்தால் டீக்கடைப் பாய்லர் நிறம். அதை வாங்கி அலசிப் பிழிந்து காயப்போட்டிருந்தார்கள்.

அடியில் கிராபிக்ஸ் இன்னும் மோசம். கிளிகளைப் போல மீன்கள். ஒரு சுறா. சூசை அண்ணன் கை நீட்டுவதற்கு முன்பே சிப்பி தானாக வாயைத் திறக்கிறது, உள்ளே முத்து ஜீரோ வாட் பல்பு மாதிரி எரிகிறது. ஆயிரம் சிப்பியை அறுத்தும் ஒன்றும் இல்லாமல் வீட்டுக்குப் போனவர்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள் என்றேன். "ஆடியன்ஸுக்கு, காத்திருந்ததுக்கு ஒரு பே-ஆஃப் வேணும் சார்" என்றார்.

நான் விடவில்லை. மூன்று மாதம் கடலின் நிறத்துக்காக மட்டும் சண்டை போட்டேன். காலை பத்து மணிக் கடலைப் படம் பிடித்து அனுப்பினேன், கலங்கலைப் பாட்டிலில் பிடித்துக் காட்டினேன், சுறாவை வெளியேற்றினேன். ஒரு நாள் வாட்ஸ்அப்பில் அந்த முத்துக் குளிக்கிற காட்சியின் வீடியோ வந்தது. கீழே, 'சார், ஃபைனல் அப்ரூவல் ப்ளீஸ்' என்று. பேரனின் ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவர் கூடக் கடலைப் பார்த்ததில்லை, நான் சரி என்றால்தான் சரி. போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தேன். நிறம் அச்சு அசல். ஜெயித்துவிட்டேன் என்ற பூரிப்பு. கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிற பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டுக் காபி குடிக்கப் போனேன்.

4. பன்னிரண்டு

வெளியிடுவதற்கு முன்னால் தூத்துக்குடியில் ஒரு பிரிவ்யூ வைத்தார்கள். காலைக் காட்சி, ஐம்பது அறுபது பேர். சூசை அண்ணன் இறந்து பல வருடமாகிறது. வீட்டுக் கட்டிலில், காய்ச்சலில் போனார், கடல் அவரை ஒன்றும் செய்யவில்லை. செல்வமேரி அக்காவும் ராயப்பனும் இருக்கிறார்கள். ராயப்பனுக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. சர்க்கரை வியாதியில் இரண்டு கண்ணும் போய்விட்டது. படத்தில் நடித்தவர்களில் உயிரோடிருக்கும் கடைசி மனிதர் என்று விளம்பரப் பிரிவினர் அவரைத்தான் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார்கள். புரமோஷனுக்காக அவர் முகத்துக்கு எதிரே ஒரு கேமரா வேறு.

அக்கா எனக்கு நேர் முன் வரிசையில் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் வருவதையெல்லாம் அவர் காதில் சொல்லிக்கொண்டே வந்தார். அவர்கள் இருவருக்கும் அந்தப் படம் என்பது அந்த ஒரு ஷாட்தான். சூசை அண்ணனும் ராயப்பனும் சேர்ந்து நிற்கிற போட்டோ எதுவும் வீட்டில் இல்லை. கல்யாணத்துக்கே படம் எடுக்கவில்லை என்று அக்கா வரும்போது காரில் சொன்னார்.

காட்சி வந்தது. தண்ணீர் தெறிக்கிற சத்தம் தியேட்டரின் நான்கு சுவரிலும் மோதியது. ராயப்பன் முதுகு நிமிர்ந்தது. நாற்காலிக் கையில் விரலால் தட்டி எண்ண ஆரம்பித்தார். திரையில் மீன்கள் ஓடின, சிப்பி வாய் திறந்தது, இசை உச்சத்துக்குப் போனது. மறுபடி தண்ணீர் கிழிகிற சத்தம்.

ராயப்பன் விரல் நின்றது. "அக்கா, யாரு வந்தது?"

"ஒம் மச்சான்தான்."

"பன்னெண்டுதான எண்ணுனேன்." பிறகு, "நான் நிக்கேனா?" என்று கேட்டார்.

அக்கா திரையையே பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். வள்ளத்தின் முன்னால் வில்லன். பின்னால் அழகான, அசலான, நான் சண்டை போட்டு வாங்கிய கடல். ராயப்பன் இல்லை.

"நீ இல்ல ராயப்பா."

"அப்போ கயித்த யாரு பிடிக்கா?"

"அந்த நடிகருதான்."

"அவன்தான் விட்டுருவானே" என்றார் ராயப்பன்.

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் தியேட்டரில் பாதிப் பேர் கடற்கரைத் தெருக்காரர்கள். அதற்குப் பிறகு படத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் நிதினைப் பிடித்தேன். அவர் ஒளிக்கவில்லை. கதைப்படி வள்ளத்தில் இரண்டு பேர்தானே, அந்த மூன்றாவது ஆள் மிஸ்டேக் என்று நெட்டில் பசங்கள் கிண்டல் செய்கிறார்கள், அதனால் 'க்ளீன்' பண்ணினோம் என்றார். ஒரு நிமிடம் ஒன்றுமே நடக்காத ஷாட்டில் இன்றைக்கு யாரும் உட்கார மாட்டார்கள், அதனால் பன்னிரண்டு செகண்டாக்கினோம் என்றார். பிறகு தயங்கிக்கொண்டே, "நீங்கதான சார் அப்ரூவ் பண்ணீங்க" என்றார்.

அக்கா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "அண்ணாச்சி, நீங்க பாத்துத்தான் சரின்னு சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"கடலத்தான் பாத்தேன்க்கா."

அவர் தலையை ஆட்டிவிட்டுத் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

இதுவரை இந்தக் கட்டுரையில் ஊரில் உள்ள எல்லாரையும் கேலி செய்தேன். அதில் பாதியை எனக்கு எடுத்து வைத்துக்கொள்கிறேன். கடலின் நிறம் தெரிந்த மேதாவி, கடலில் நின்றவனைக் கவனிக்கவில்லை. தலை எண்ணிப் பிழைத்தவன், மூன்று பேர் இருந்த வள்ளத்தில் இரண்டு பேரைப் பார்த்துவிட்டுக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் இருக்கிறது.

5. மூன்று

அன்று மதியமே, பேரன் தங்கியிருந்த ஹோட்டலுக்குப் போய் அவரைப் பார்த்தேன். என் ஓகேயைத் திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொன்னேன். அதற்கு எந்த மதிப்பும் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கம்ப்யூட்டரில் ரெண்டர் முடிந்துவிட்டது, டீசர் போய்விட்டது, மூன்றாவது ஆளைத் திரும்பக் கொண்டு வந்தால் பழைய கிண்டல் திரும்ப வரும் என்றார். நான் ஒன்றுதான் கேட்டேன். ராயப்பன் முகத்துக்கு எதிரே கேமரா வைத்தீர்களே, அந்தப் புரமோஷன் வீடியோவைப் போட்டுப் பாருங்கள் என்றேன்.

போட்டார். "அவன்தான் விட்டுருவானே" வரைக்கும் பார்த்தார். இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார். நிதினைக் கூப்பிட்டு அந்த ஷாட்டைப் பழையபடி முழுசாக வைக்கச் சொன்னார். நிதின் எதிர்வாதம் பண்ணவில்லை. பிற்பாடு என்னிடம் சொன்னார், அந்தக் கயிற்று விஷயத்தை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் தொட்டிருக்கவே மாட்டேன் என்று. சொல்ல வேண்டியவன் நான்தான்.

ராயப்பனின் சட்டைக்கு என்ன கலர் போடுவது என்று நிதின் கேட்டபோது எனக்குத் தெரியவில்லை. அக்காவிடம் கேட்டோம். காக்கி என்றார். அதுவும் தம்பியுடையது இல்லை, புருஷனுடையது. அன்று இருவரும் கடலுக்குப் புறப்பட்டபோது கழற்றி அவனுக்கு மாட்டிவிட்டாராம்.

இரண்டு வாரம் கழித்து அதே தியேட்டரில் எங்களுக்கு மட்டும் அந்த ரீலைப் போட்டார்கள். அக்கா, ராயப்பன், நிதின், நான். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய பிரின்ட் முழுக்கக் கீறல், மழை பெய்கிற மாதிரி இருக்கும். நிதின் நெகட்டிவைத் தேடி எடுத்து ஸ்கேன் பண்ணி அதையெல்லாம் துடைத்திருந்தார். ஐம்பது வருடமாக நான் பார்க்காத ஒன்று அதில் தெரிந்தது. ராயப்பனின் உதடு அசைந்துகொண்டிருந்தது.

"ஒன் ஒதடு அசையுது" என்று அக்கா தம்பியிடம் சொன்னார்.

"எண்ணுதேன்" என்றார் ராயப்பன். நாற்காலியில் விரல் தட்ட ஆரம்பித்திருந்தது.

இசை இல்லை, மீன் இல்லை. வள்ளத்தில் தண்ணீர் மோதுகிற சத்தம் மட்டும். வில்லன் சிரித்து முடித்து, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது ஆனபோது நிதின் மூச்சை அடக்கிக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். உட்கார மாட்டார்கள் என்று சொன்ன அதே பையன். அறுபத்தெட்டு என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு ராயப்பன் இரண்டு கையாலும் காற்றை இழுத்தார். திரையிலிருந்த காக்கிச் சட்டையும் இழுத்தது. தண்ணீர் கிழிந்தது.

"வந்துட்டாவளா?" என்று கேட்டார்.

"வந்துட்டாவ" என்றார் அக்கா. அழுதுகொண்டேதான் சொன்னார்.

பழைய படங்களைப் புது டெக்னிக்கால் மேம்படுத்தலாமா என்று என்னிடம் இப்போது கேட்கிறார்கள். அழுக்கைத் துடையுங்கள், தாராளமாக. துடைக்கும்போது எது அழுக்கு, எது ஆள் என்று ஊரில் ஒருவரிடம் கேட்டுவிட்டுத் துடையுங்கள். என்னைப் போன்ற கன்சல்டன்ட் யாராவது விரலைத் தூக்கிக் காட்டினால் நம்பாதீர்கள். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது அவ்வளவுதான்: கரையில் மட்டும் எண்ணினால் போதாது, திரையிலும் எண்ணுங்கள். அன்று தியேட்டரில் லைட் போடுவதற்கு முன்னால் நான் எண்ணினேன். சூசை அண்ணன், வில்லன், ராயப்பன். மூன்று பேர் போனார்கள், மூன்று பேரும் வந்தாயிற்று.